நாய்க்குப் புராஸ்டேட் பெருத்தால்: தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வந்த உங்கள் கேள்விகளுக்குப் பதில் (கேட்டவர் பெயருக்குப் பதில் ஊர்ப்பெயர்)

சாட்ஸ்வொர்த்: ஐயா, எங்க போயர்புல் காவல் நாய்க்கு எட்டு வயசு. முக்கி முக்கிப் போறான், மலம் நாடா மாதிரி தட்டையா வருது. ஸ்கேன்ல புராஸ்டேட் வீக்கம்னு சொன்னாங்க. காயடிக்காம மருந்துலேயே தீருமா?

சுருங்கும், தம்பி. ஆனால் மருந்து உள்ளவரைதான். புராஸ்டேட் என்பது ஆணுக்கு மூத்திரப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி. மனிதருக்கு இது பெருத்தால் சிறுநீர் அடைபடும். நாய்க்கோ பெரும்பாலும் மலக்குடல்தான் நெரிபடும். விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், சுரப்பிக்குள் ஒரு நொதியால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் ஆகிறது. திசுவை வளர்ப்பது அதுதான். ஃபினாஸ்டரைடு என்ற மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. தூண்டுதல் இல்லாத செல்கள் தாமாக மடிய, சில மாதங்களில் சுரப்பி நன்றாக வற்றும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறையாததால் இனவிருத்திக்கும் தடையில்லை.

ஓசாட்டரோன் வேறு வழி. ஆண் ஹார்மோன் புராஸ்டேட்டுக்குள் புகுவதையும், செல்லில் அது ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் ஒட்டுவதையும் மறிக்கும். 7 நாள் மாத்திரை, பலன் சுமார் 5 மாதம். தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் மருந்து விரைக்கு வரும் மூளையின் கட்டளையையே அடக்கும். ஆனால் முதலில் ஹார்மோன் ஏறி, பிறகே இறங்கும். இவ்வளவு முக்கும் நாய்க்கு அதை மட்டும் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன். குட்டி வேண்டாமென்றால் காயடித்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸ்: சிறுநீர் சிவப்பா போகுது. இதே மருந்து வாங்கலாமா?

வேண்டாம் அக்கா! நம்ம நேட்டாலில் சிவப்புச் சிறுநீர் என்றால் முதலில் உண்ணி கடித்து வரும் பிலியரி என்ற ரத்த நோயை நினையுங்கள். ஈறு வெளுத்திருந்தால் இப்போதே வெட் (கால்நடை மருத்துவர்) கிட்டே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். புராஸ்டேட் ரத்தம் சிறுநீர் கழிக்காதபோதும் குறியிலிருந்து சொட்டும்.

டோங்காட்: அப்பாவோட ஃபினாஸ்டரைடு வீட்டுல இருக்கு, குடுக்கவா?

கூடாது. எடை பார்த்து வெட் அளவு சொல்லணும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைத்த மாத்திரையைத் தொடவே கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை என்றால் பிறப்புறுப்பு வளர்ச்சி கெடும்.

மெரிபேங்க்: காயடிச்சா காவல் நாய் கோழையாயிடும். நீங்க சுலபமா சொல்றீங்க.

காவல் இனக்குணத்திலும் பழக்கத்திலும் வருவது அண்ணா. பெண் நாய்கள் வாசல் காக்கவில்லையா?

மெரிபேங்க்: பக்கத்து வீட்டு நாய் காயடிச்சப்புறம் படுத்தே கிடக்குதே?

உடம்பு போட்டிருக்கும். காயடித்த நாய்க்குத் தீனியைக் குறைக்கணும்.

மெரிபேங்க்: சரி, காயடிச்சா புற்றுநோயாவது வராதா?

வரலாம். காயடித்துப் பல வருஷமான நாய்க்குப் புராஸ்டேட் பெருத்தால் முதல் சந்தேகமே புற்றுநோய்தான். அதற்கு இந்த மருந்துகள் உதவா. அதனால்தான் மாத்திரைக்கு முன் ஸ்கேன் என்கிறேன்.

ஸ்டாங்கர்: மாமாவோட மாத்திரையில பாதி குடுத்தா?

டோங்காட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். இந்தக் கேள்வி இனி வேண்டாம்.

ஐசிபிங்கோ: ஈஸ்ட்ரோஜன் ஊசி மலிவாமே?

எலும்பு மஜ்ஜையை அழிக்கும், நாய் செத்துப்போகும். போடவிடாதீர்கள்.

வெருலம்: முக்குறான், காய்ச்சலும் இருக்கு, வயித்தைத் தொட்டா கத்துறான்.

அது கிருமித்தொற்று. சுரப்பிக்குள் ஊடுருவும் ஆன்டிபயாட்டிக் வாரக்கணக்கில் கொடுக்கணும். எந்தக் கிருமி என்று பார்க்க, சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மற்ற கேள்வியெல்லாம் அப்புறம், இவனை முதலில் கொண்டுபோங்கள்.