சின்னப் பிள்ளைகளோடு கரீபியன் கப்பலில் ஒரு வாரம் எப்படி இருக்கும்?

மூன்று வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் சைவ மாமியார், மயாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல். சரிப்பட்டு வருமா, நாளெல்லாம் உள்ளே என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நாங்களும் கிட்டத்தட்ட இதே கூட்டத்தோடுதான் போனோம். மாமியாருக்குப் பதில் என் அம்மா.

பொழுது போகுமா என்ற கவலை ஏறின முதல் மணி நேரத்திலேயே போய்விடும். 2009-ல் வந்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் கப்பலின் நடுவில் நிஜச் செடிகொடிகளோடு வானம் பார்த்த பூங்கா ஒன்று இருக்கிறது; பின்பக்கம் குதிரை ராட்டினம். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் சுமார் 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், ஏழு நீச்சல்குளங்கள். முழுக்க நிரம்பினால் 7,600 பயணிகள். வேலை செய்பவர்கள் மட்டும் 2,350 பேர். அந்தக் கடைசி எண்ணைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த வாரம் இனிமையாக அமைவது பெரும்பாலும் இவர்களால்தான்.

இரவுச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டைனிங் ஹாலில் நேரம் குறித்த சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்தால் தினமும் அதே மேசை, அதே வெயிட்டர், அவருக்கு உதவியாக அதே இளைஞர். முதல் நாளே தலைமை வெயிட்டரிடம் இந்தியச் சைவச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறு என்று தனியாகச் செய்து வருகிறது. அம்மாவுக்குச் சாப்பாடு முடிவில் தயிர்சாதம் இல்லாமல் ஆகாது. முதல் இரவு அவர் தயங்கித் தயங்கித் தயிர் கேட்டதைப் பார்த்த அந்த இளைஞர், மறுநாளிலிருந்து கேட்காமலே ஒரு கிண்ணம் இனிப்பில்லாத யோகர்ட், வெள்ளைச் சோறு, ஓரமாக நறுக்கின பச்சை மிளகாய் என்று கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் உட்காரும் முன்பே வெள்ளரித் துண்டுகள் மேசையில் இருக்கும். அவர் ஃபிலிப்பைன்ஸ்காரர். எங்கள் சின்னவள் வயதிலேயே அவருக்கும் ஒரு பெண். மாதக்கணக்கில் நேரில் பார்க்கவில்லை என்று சொல்லி, போனில் படம் காட்டினார்.

இவர்களுடைய ஒப்பந்தம் பொதுவாக ஆறிலிருந்து ஒன்பது மாதம். அதுவரை வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கேட்பதே 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வைத்தான். டிப்ஸ் என்று ஆளுக்கு நாளொன்றுக்கு 18 டாலர் வாக்கில், பிள்ளைகளுக்கும் சேர்த்து, கணக்கில் ஏறும். வரவேற்பு மேசைக்குப் போய் அதை எடுத்துவிடச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிக்கெட் போடும்போதே அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் சின்னத் தொகை இல்லைதான்.

உங்கள் மூன்று வயதுக் குழந்தை டயப்பரை விட்டாயிற்றா? இது பெரிய கேள்வி. பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் போகும் கிட்ஸ் கிளப்பில் சேர்க்க மூன்று வயது நிரம்பியிருப்பதோடு கழிப்பறை பழக்கமும் வேண்டும். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் பெரிய குளங்களில் இறக்க விடமாட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கென்று தண்ணீர் பீய்ச்சும் இடம் தனியாக இருக்கும். எட்டு வயதுக்காரரைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிளப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை, இரவு 10 மணிக்கு மேல்தான் காசு. நீங்கள் பதிவு செய்த பெரியவர் வந்தால்தான் சின்னப் பிள்ளையை வெளியே அனுப்புவார்கள்.

ஏறும் நாளில் நீச்சல் உடை, மருந்து, மாற்றுத் துணியைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டிகள் அறைக்கு வர மாலை ஆகிவிடும். கப்பல் கிளம்பும் முன் பாதுகாப்பு ஒத்திகை உண்டு. பிள்ளைகள் கையில் அவசரத்தில் கூட வேண்டிய இடத்தின் எண் போட்ட பட்டை ஒன்றைக் கட்டுவார்கள், அதைக் கழற்ற விடாதீர்கள். 2012-ல் கோஸ்டா கான்கோர்டியா இத்தாலிக் கரையில் கவிழ்ந்தபோது புதிதாக ஏறியிருந்த பலர் ஒத்திகையே பார்த்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்துவது கட்டாயமானது.

அறை சின்னது, குளியலறை அதைவிடச் சின்னது. சுவர் இரும்பு, காந்தக் கொக்கி நாலைந்து கொண்டுபோனால் ஈரத்துணி, பை எல்லாம் மாட்டலாம். தலைசுற்றல் பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், நடுவாக அறை கேளுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டே கை கழுவுங்கள். கப்பலில் பரவும், வாந்தி பேதி தரும் நோரோ வைரஸுக்குக் கையில் தடவும் ஜெல் போதாது.

துறைமுகங்களை வழிகாட்டி நூல்களே விரிவாகச் சொல்லும். ஒன்று மட்டும்: கோசுமெல், நாசோ மாதிரி ஒரு இடத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்து பாருங்கள். கூட்டம் கரைக்குப் போய்விடும், சறுக்கில் வரிசையே இருக்காது. இறங்கினால் கப்பல் கடிகாரத்தைப் பாருங்கள், கரை நேரம் சில சமயம் மாறும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், வழி மாற்றிவிடுவார்கள். மாமியாரின் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், முதல் நாளிலிருந்தே உங்களைக் கவனிப்பவர்களின் பெயரைக் குறித்து வையுங்கள். பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் கருத்துக் கேட்பார்கள். அதில் பெயர் போட்டு நாலு வரி எழுதினால் அவர்களுடைய மேலதிகாரி கண்ணில் படும், பதவி உயர்வுக்கும் உதவும். எங்கள் தயிர்சாத இளைஞருக்கு என் அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.