பொருளாதாரம் விழுந்தால் ராணுவ விமானிகள் வேலையை விட்டுப் போவார்களா?

நீங்கள் இலங்கையிலிருந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடியை அனுபவித்தவர்களுக்குத்தான் 'நாடு விழுந்தால் எல்லாரும் ஓடுவார்கள்' என்று தோன்றும்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். 2008 நெருக்கடியிலும் 2020 கொரோனாவிலும் விமான நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்தின. விமானப்படைக்காரர்கள் பேசாமல் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நிறுவனங்கள் மறுபடி ஆள் தேடத் தொடங்கியதும் கிளம்பினார்கள். பயிற்சி முடித்தவருக்கு அங்கே 10 வருடம் கட்டாய சேவை. அது முடிகிற நேரம்தான் சிக்கல். விமான நிறுவனத்தில் சம்பளம், ரூட், லீவு எல்லாவற்றிலும் சேர்ந்த தேதிதான் பேசும், 65 வயதில் இறங்கியாக வேண்டும். ஒரு வருடம் தாமதித்தால் அந்த வருடம் சேர்ந்த அவ்வளவு பேருக்கும் பின்னால் நிற்க வேண்டும். வருடத்துக்கு 50,000 டாலர் வரை போனஸ் நீட்டியும் பலர் நிற்காததற்கு இதுவும் காரணம்.

ஆக, உள்ளே எவ்வளவு கஷ்டம் என்பதை விட, வெளியில் யாராவது கூப்பிடுகிறார்களா என்பதுதான் கணக்கு. நான் விமானி இல்லை, கமெண்டில் அதைச் சொல்லிச் சண்டைக்கு வர வேண்டாம். பண்டாரவளைப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் இருந்தவன். 200 ரூபாயாக இருந்த டாலர் 360ஐத் தாண்டிய நேரம் என் பே சீட்டில் அதே தொகைதான் வந்தது. கேஸ் வரிசையில் நின்றே பாதி நாள் போனது. அப்போது அரசாங்கமே 5 வருடம் சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம், பென்ஷன் பாதிக்காது என்று சுற்றறிக்கை விட்டது. தோஹாவில் வேலை கிடைத்தது, போனேன். கிடைக்காவிட்டால் அதே லேபில்தான் இருந்திருப்பேன், தேசபக்தன் என்ற பெயரோடு.

"நாடு இப்படிக் கெடக்கையில ஓடுறியேடா" என்றார் மாமா. அதே மாமா போன மாதம் மகனுக்கு விசா பார்க்கச் சொல்லி வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார்.

விமானி போகப் பார்த்தால் போனஸ், டாக்டர் போனால் தலைப்புச் செய்தி. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனால் மட்டும் 'சோம்பேறி, கொழுந்து பறிக்க வணங்காது' என்கிறார்கள். நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டு எத்தனை வருடம் ரோட்டில் உட்கார்ந்தார்கள்! 2021இல்தான் வந்தது. வந்த கையோடு எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டிவிட்டார்கள், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். அம்மா வேலையிலிருந்து ஓய்வு எடுக்கும் வரைக்கும் கொழுந்து நிறுக்கும் தராசுக்காரரோடு சண்டைதான்.