திம்பம் மலைப்பாதையில் பேய் உண்டா?

"சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் வீரப்பனின் ஆவி அலைவதாகச் சொல்கிறார்களே, இரவில் அங்கே போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சத்தி. சித்தியைக் கட்டிக் கொடுத்தது தாளவாடிப் பக்கம். அதனால் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் சின்ன வயதிலிருந்து வாந்தி எடுத்திருக்கிறேன்.

இந்தியாவின் பேய்ச் சாலைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தச் சாலை, அதாவது தேசிய நெடுஞ்சாலை 209, அதில் வந்துவிடும். அந்த எண் 948 என்று மாறி வருடக்கணக்காகிறது. பேய்க்கு இன்னும் தகவல் போகவில்லை போல. கதை இதுதான்: இருட்டியதும் காட்டுக்குள் லாந்தர் விளக்குகள் அந்தரத்தில் மிதக்கும், எங்கிருந்தோ அலறல் கேட்கும், எல்லாம் வீரப்பனின் ஆவி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்டது தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே. புதைத்தது மேட்டூர் பக்கம் மூலக்காட்டில். செத்த இடத்தையும் புதைத்த இடத்தையும் விட்டுவிட்டு, லாரி டிரைவர்களைப் பயமுறுத்த திம்பம் வரைக்கும் வந்தாரா என்ன?

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். 2016-ல் சித்தப்பா முட்டைக்கோஸ் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினார். பஸ்ஸை விட்டுவிட்ட நான் அந்த லாரியிலேயே தொற்றிக்கொண்டேன். பாதி மலை இறங்கியிருப்போம். முன்னால் போன ஒரு லாரி வளைவில் பழுதாகி அப்படியே குறுக்கே நின்றுவிட்டது. மேலேயும் ஏற முடியாது, கீழேயும் இறங்க முடியாது. இன்ஜினை அணைத்தார்கள். இந்தச் சாலையில் பழகியவர்களுக்கு இது சாதாரணம். எனக்கு அது முதல் தடவை.

அப்போது பார்த்தேன், அந்த விளக்குகளை. கீழே கும்மிருட்டில் மஞ்சளாய் ஒன்று தெரியும், பக்கவாட்டில் நகரும், சட்டென்று அணையும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு உயரத்தில் மறுபடி முளைக்கும். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டிரைவர் அண்ணனிடம் காட்டினேன். "அது மேல ஏறி வர்ற வண்டிங்க தம்பி. வளைவுல திரும்புனா வெளிச்சம் தெரியும், மரம் மறைச்சா போயிரும்" என்றார். சொன்ன பிறகு பார்த்தால், ஆமாம், முகப்பு விளக்குதான். சொல்லாமல் விட்டிருந்தால் நானும் இங்கே வந்து லாந்தர் கதைதான் எழுதியிருப்பேன்.

அலறலும் கேட்டது. நாய் குரைப்பதற்கும் ஆள் கத்துவதற்கும் நடுவில் ஒரு சத்தம், விட்டு விட்டு. கேளையாடு என்றார் கிளீனர், அது ஒரு வகை மான். சிறுத்தையின் வாடை அடித்தால் அது அப்படிக் கத்துமாம். அதைக் கேட்டதும்தான் உண்மையான பயம் வந்தது. ஏனென்றால் பத்து நிமிடம் முன்பு நான் இறங்கி, தடுப்புச் சுவர் ஓரமாக நின்று, நிதானமாக ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அந்தச் சுவர்மேல் சிறுத்தை ஏறி உட்கார்ந்திருக்கும் படங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள இறங்கிட்டீங்க" என்றார் அண்ணன். வண்டி கிளம்ப மூன்று மணி நேரம் ஆனது. பண்ணாரி அம்மன் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தி அவர் சூடம் ஏற்றினார். நான் அவரைவிடப் பக்தியாகக் கும்பிட்டேன்.

இப்போது அந்த மாதிரி இரவு உங்களுக்குக் கிடைக்காது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. காரணம் பேயல்ல, வண்டியில் அடிபட்டுச் சாகும் மான்களும் சிறுத்தைகளும். பேய் பார்க்க என்று இரவில் பைக்கில் கிளம்பி வந்து செக்போஸ்டில் வாக்குவாதம் செய்யாதீர்கள். பகலில் வாருங்கள். ஆசனூர் தாண்டி காரப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்பது ஆவியைவிட நல்ல காட்சி. காருக்குள்ளேயே இருந்து பாருங்கள்.

ஆனால் அந்த மலையில் பயமே இருந்ததில்லை என்று சொன்னால் பொய். கன்னட நடிகர் ராஜ்குமாரை 2000 ஜூலை 30 இரவு வீரப்பன் கடத்திப் போனது தாளவாடி அருகே தொட்டகாஜனூரில் இருந்துதான். அவர் 108 நாள் காட்டில் இருந்தார். அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே வீரப்பனைத் தேடிய போலீஸ் அதிரடிப்படை மலைக் கிராமங்களில் ஆட்களை விசாரணைக்கு என்று கூட்டிப்போனது. அதில் நடந்த சித்திரவதைகளுக்காக 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. இதெல்லாம் பேய்ச் சாலைப் பட்டியலில் வராது. சித்தி சொல்வாள்: "ராத்திரி ஜீப்பு சத்தம் கேட்டா வெளக்க அணைச்சிருவோம். பேயி பிசாசுன்னு நெனைக்கவெல்லாம் அப்ப நேரமே இல்ல கண்ணு."

போன முறை போனபோது இந்த ஆவிக் கதையைப் போனில் படித்துக் காட்டினேன். அவரைக்காய் உரித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள்.

"உசுரோட இருக்கறப்பவே எங்க கண்ணுல ஒரு நாளும் படல. செத்ததுக்கப்புறம் வந்து லாந்தர் காட்டுவானாக்கும்?"