13 வருடம் பிடிபடாத ஆள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மெக்சிகோவின் போதைப்பொருள் கடத்தல் தலைவன் எல் சாப்போ 2001-இல் சிறையிலிருந்து தப்பி 2014 வரை பிடிபடவில்லை என்று படித்தேன். அந்த நாட்டு ராணுவமும் அமெரிக்காவும் சேர்ந்து தேடியும் 13 வருடம் எப்படி ஒளிந்திருக்க முடிந்தது?

பதில்: அவன் ஊரைத் தெரிந்துகொண்டால் பாதி புரிந்துவிடும். வாக்கீன் குஸ்மான் (எல் சாப்போ என்பது குள்ளன் என்று பொருள்படும் பட்டப்பெயர்) பிறந்தது சினலோவா மாநிலத்தில் பாதிராகுவாத்தோ வட்டாரத்து லா தூனா என்ற மலைக் கிராமத்தில். சினலோவா, துராங்கோ, சிவாவா ஆகிய மூன்று மாநிலங்கள் சந்திக்கும் அந்த மலைப் பகுதியைத் தங்க முக்கோணம் என்பார்கள், கஞ்சாவும் ஓபியம் எடுக்கும் கசகசாச் செடியும் தலைமுறை தலைமுறையாக விளையும் இடம். உள்ளே போக ஒழுங்கான சாலை குறைவு, ஹெலிகாப்டர் வந்தால் சத்தம் முன்னாடியே கேட்டுவிடும், தெரியாத வண்டி ஒன்று மலை ஏறினால் முதல் கிராமத்தைத் தாண்டும்போதே மேலே தகவல் போய்விடும். அங்கே பல குடும்பங்களுக்கு அவன்தான் வேலை தந்தவன். காட்டிக்கொடுத்தால் உயிர் மிஞ்சாது என்ற பயம் வேறு. யார் வாயைத் திறப்பார்கள்?

மலை மட்டும் போதாது, அதிகாரிகளும் வேண்டும். 2001 ஜனவரியில் புவென்டே கிராண்டே சிறையிலிருந்து அழுக்குத் துணி வண்டிக்குள் பதுங்கி வெளியே வந்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. வண்டியில் வந்தானோ, நேராக வாசல் வழியாகவே நடந்து வந்தானோ, உள்ளே இருந்தவர்கள் உதவாமல் நடந்திருக்காது. சிறையின் தலைமை அதிகாரி முதல் காவலர்கள் வரை பலர் கைதானார்கள். பிற்பாடு அவன்மேல் வழக்கு நடந்த நியூயார்க் நீதிமன்றத்தில் அவனுடைய பழைய கூட்டாளிகளே சாட்சிக் கூண்டில் ஏறி, போலீஸுக்கும் ராணுவத்துக்கும் மாதாமாதம் எவ்வளவு போனது என்று சொன்னார்கள். தேடுகிறவர்களில் ஒரு பகுதி அவனிடமே சம்பளம் வாங்கினால் 13 வருடம் என்பது பெரிய ஆச்சரியமில்லை.

கேள்வி: ஃபோர்ப்ஸ் பணக்காரர் பட்டியலில் வந்தவனாயிற்றே, தலைமறைவிலும் ராஜ வாழ்க்கைதானே?

பதில்: 2009-இல் அந்தப் பட்டியலில் வந்தது உண்மை. வாழ்க்கை அப்படி இல்லை. பெரும்பாலான காலம் மலையில் மரக் குடில்களில்தான் இருந்திருக்கிறான், சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். நகரத்துக்கு இறங்கினாலும் ஓடுவதற்கு வழி வைத்துத்தான் வீடு. குலியகான் நகரில் அவன் வீட்டுக் குளியல் தொட்டி அப்படியே மேலே எழும்பும், அடியில் சுரங்கம், அது போய்ச் சேருவது ஊர்ச் சாக்கடைக் குழாயில். 2014 பிப்ரவரியில் கடற்படை வீரர்கள் இரும்புக் கதவை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வழியாகத்தான் உடம்பில் துணிகூட இல்லாமல் ஓடினான், கூட ஓடிய காதலியே இதைக் கோர்ட்டில் சொன்னார். சில நாளில், பிப்ரவரி 22 அன்று, மசாட்லானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவியும் இரட்டைப் பெண் குழந்தைகளும் உடனிருக்கப் பிடிபட்டான். ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.

அடுத்த வருடமே, 2015 ஜூலையில், அல்டிப்ளானோ சிறையின் குளியல் மறைவுக்கு அடியில் ஒன்றரை கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி, தண்டவாளத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளோடு அவன் ஆட்கள் அவனை வெளியே எடுத்தார்கள். ஆறே மாதம். 2016 ஜனவரி 8 அன்று லோஸ் மோச்சிஸில் மறுபடியும் சாக்கடைக்குள் இறங்கி, வெளியே வந்து கார் பறித்துக்கொண்டு போனவனை நெடுஞ்சாலையில் மடக்கினார்கள்.

கேள்வி: இவ்வளவு கவனமானவர்கள் கடைசியில் எதனால் மாட்டுகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் பேச்சால். கொலம்பியாவின் போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபார் 1993 டிசம்பர் 2 அன்று கொல்லப்பட்டதும் மகனோடு போனில் பேசியதால் இடம் தெரிந்துபோய்த்தான். குஸ்மான் தனக்கென்று ரகசியத் தொலைபேசி வலைப்பின்னலே வைத்திருந்தான். போதாதென்று மனைவி, காதலிகள் போன்களில் வேவு மென்பொருள் ஏற்றி அவர்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் அமைத்துக்கொடுத்த கணினிப் பொறியாளரை எஃப்.பி.ஐ. தன் பக்கம் இழுத்தது, அவ்வளவுதான், அவன் சொந்தக் குரலே வழக்கில் சாட்சியாகிவிட்டது. 2019-இல் ஆயுள் தண்டனை, அதற்கு மேல் 30 வருடம், 1,260 கோடி டாலர் பறிமுதல் உத்தரவு. இப்போது அமெரிக்காவின் கொலராடோவில் உச்சக் காவல் சிறையில் இருக்கிறான்.

கேள்வி: அவனைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடுகிறார்களாமே? அங்குள்ள மக்களுக்கு அவன் நாயகன்தானா?

பதில்: பாடுகிறார்கள், மறுக்க முடியாது. கைதானபோது விடுதலை செய்யச் சொல்லிக் குலியகானில் ஊர்வலமும் போனது. ஆனால் அதே ஊரில் கடத்தல் கும்பல்களைப் பற்றி வருடக்கணக்கில் எழுதிய பத்திரிகையாளர் ஹவியேர் வால்தேஸ் 2017 மே 15 அன்று பட்டப்பகலில் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். குஸ்மானின் பழைய கூட்டாளி இஸ்மாயில் சம்பாதா 2024 ஜூலையில் அமெரிக்காவிடம் சிக்கியதும், அவன் ஆட்களும் குஸ்மான் மகன்களின் ஆட்களும் மோதத் தொடங்கி, செப்டம்பரிலிருந்து அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன.

மெக்சிகோ முழுக்கக் காணாமல் போனவர்கள் கணக்கு 2022-லேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது, அரசாங்கப் பதிவேட்டிலேயே. குஸ்மான் கடைசியாகப் பிடிபட்ட லோஸ் மோச்சிஸ் பக்கத்தில் எல் ஃபுவெர்த்தேயின் தேடுவோர் என்று ஒரு குழு இருக்கிறது. பெரும்பாலும் அம்மாக்கள். மண்வெட்டியும் இரும்புக் கம்பியும் எடுத்துக்கொண்டு வயல்வெளியிலும் ஆற்றோரத்திலும் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். கம்பியை மண்ணில் இறக்கி, வெளியே எடுத்து முகர்ந்து பார்க்கிறார்கள். எல் சாப்போவைப் பற்றிக் கேட்பவர்கள் இவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. அவர்கள் போட்டிருக்கும் சட்டையில் ‘கண்டுபிடிக்கும்வரை உன்னைத் தேடுவேன்’ என்று எழுதியிருக்கும். பிள்ளையின் எலும்பாவது கிடைத்தவர்களுக்கு வேறு சட்டை, ‘வாக்கு நிறைவேறியது’. அந்தச் சட்டையோடு அவர்கள் மற்றவர்களின் பிள்ளைகளைத் தேட மறுபடியும் வருகிறார்கள்.