கரண்ட் போய் வந்தபின் உபுண்டு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று கறுப்புத் திரையில் நிற்கிறது. கோப்புகள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது, எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு முறைமையின் கணக்குதான் குழம்பியிருக்கும். அவசரப்பட்டு உபுண்டுவை மறுபடி நிறுவிவிடாதீர்கள், உள்ளதும் போய்விடும்.

லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) துவக்கி, முதலில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு வட்டை முழுதாக வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் வட்டே சாகக் கிடக்கிறது என்றால் அந்த நகல்தான் மிஞ்சும். அப்புறம் நகலை மவுன்ட் செய்யாமல் (அதாவது, கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமல்), அதில் உபுண்டு இருக்கும் பகுதியின் மேல் ஈ2எஃப்எஸ்சிகே (e2fsck) என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டுங்கள். கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்று அடம்பிடிக்கிறதா? உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 (ext4) அதற்குப் பிரதிகள் வைத்திருக்கும். பிளாக் அளவு 4 கேபி என்றால் முதல் பிரதி வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்தால் ஈ2எஃப்எஸ்சிகே அங்கிருந்து படித்துக்கொள்ளும்.

முடிந்ததும் லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவைப் பாருங்கள். பெயரைத் தொலைத்த கோப்புகள் வெறும் எண்களோடு அங்கே கிடக்கும். எது படம், எது பிடிஎஃப் என்பதை ‘ஃபைல்’ கட்டளை சொல்லிவிடும்.