நான்காவது டவுனில் யார் களமிறங்குகிறார்கள்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அவனுடைய பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி போன பருவத்தில் பல ஆட்டங்களைக் கோட்டை விட்டது. இப்போது தலைமைப் பயிற்சியாளர், இந்த ஆண்டு ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டத்தைச் சீர்செய்வதே தன் முதல் வேலை என்கிறார். தாக்குதலும் தடுப்பும் தடுமாறும்போது, பந்தை உதைத்துவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பற்றி என்ன பேச்சு? தோல்வியை மறைக்கும் சாக்குதானே இது?
– ஒரு வாசகர், நியூஜெர்சி

பதில்: சாக்காக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. "பந்தை உதைத்துவிட்டுப் போகிற பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அலட்சியம்தான் பெரிய பெரிய அணிகளைக் கவிழ்த்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பயிற்சியாளரிடம் வருகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியாவிட்டால், பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணியின் எல்லைப் பக்கம் தூர உதைத்துவிடுவார்கள். அது பன்ட். கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது ஃபீல்டு கோல். ஆட்டத்தைத் தொடங்கும் உதை கிக்ஆஃப். இந்த உதைகளின்போது மட்டும் களமிறங்கும் குழுக்களே ஸ்பெஷல் டீம்ஸ். உதைப்பவர்கள் மட்டுமல்ல, உதையைத் தடுக்கப் பாய்பவர்களும், பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுபவரும், அவரை விரட்டிப் போய் வீழ்த்துபவர்களும் இதில் சேர்த்தி.

எண்ணிக்கையில் இந்த ஆட்டங்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரணமாக ஒரு முயற்சியில் தாக்கும் அணி ஐந்தாறு யார்டு நகரும். ஒரு பன்ட்டில் ஆடுகளத்தின் நாற்பது யார்டு ஒரே மூச்சில் கைமாறும். அந்த உதை தடுக்கப்பட்டால் கதையே தலைகீழ்.

2015 அக்டோபர் 17 அன்று மிச்சிகன் பல்கலைக்கழக அணி தன் சொந்த மைதானத்தில், லட்சம் பேருக்கு முன்னால், மிச்சிகன் ஸ்டேட்டை 23-21 என்று முந்தி நின்றது. மீதி பத்து வினாடி. ஒரு பன்ட் உதைத்தால் போதும், ஆட்டம் முடிந்தது. உதைப்பவரின் கையில் பந்து நிற்கவில்லை. அது தவறி எதிரணியின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சனிடம் போய்ச் சேர, அவர் 38 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதுதான் டச் டவுன்; அதற்கு ஆறு புள்ளி, பிறகு ஓர் உதையில் இன்னும் ஒரு புள்ளி எடுக்கலாம். கடிகாரத்தில் நேரம் தீர்ந்தபோது மிச்சிகன் 23-27 என்று தோற்றிருந்தது. அன்று ஏறக்குறைய அறுபது நிமிடம் அந்த அணியின் தாக்குதலும் தடுப்பும் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு உதையில் போயிற்று.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2013 நவம்பர் 30 அன்று, அலபாமா பல்கலைக்கழக அணிக்கு நடந்தது இன்னும் பாடமானது. தொடர்ந்து இரண்டு ஆண்டு தேசிய சாம்பியன், அப்போதும் தரவரிசையில் முதலிடம். ஆபர்னுடன் 28-28 என்று சமநிலை. கடைசி ஒரு வினாடியில் 57 யார்டு ஃபீல்டு கோலுக்கு முயன்றார்கள். உதை எட்டவில்லை. எல்லைக் கோட்டுக்கு அருகே காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பந்தைப் பிடித்து மறுமுனை வரை ஓடிவிட்டார், ஆபர்ன் 34-28. இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அலபாமா உதைக்கத் தயாரானபோது ஆபர்ன் பயிற்சியாளர் கஸ் மால்சான் டைம்-அவுட் எடுத்து, பின்னால் நிற்கவேண்டியவராக டேவிஸை மாற்றி நிறுத்தினார். அலபாமா பக்கம் களத்தில் இருந்தவர்களோ பெரும்பாலும் உதைப்பவரைக் காக்கும் கனத்த உடல்வாகு கொண்ட தடுப்பாளர்கள். முழு நீளம் ஓடி டேவிஸைப் போன்ற வேகமான கார்னர்பேக்கை (களத்தின் ஓரத்தைக் காக்கும் தடுப்பு வீரரை) துரத்த அவர்களால் ஆகுமா? ஒரு பயிற்சியாளர் அந்த வினாடிக்கு முன்பே யோசித்திருந்தார். மற்றவர், இத்தனைக்கும் அலபாமாவின் பேர்பெற்ற பயிற்சியாளர் நிக் சேபன், யோசிக்கவில்லை.

இனி, இதைத் தன் வாழ்க்கையாகவே கொண்ட ஒரு மனிதரைப் பற்றி. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பீமர். 1987இல் பொறுப்பேற்ற முதல் பருவத்தில் இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி. 1992இல் மறுபடியும் இரண்டே வெற்றி. பிளாக்ஸ்பர்க் என்ற சிறிய ஊருக்கு நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களை இழுப்பது எளிதல்ல. ஆளுக்கு ஆள் மோதினால் வெல்ல முடியாத அணிகளை, அவர்கள் அக்கறை காட்டாத இடத்தில் வெல்லலாம் என்று அவர் கண்டார். வழக்கமாக ஒரு உதவிப் பயிற்சியாளரின் தலையில் கட்டிவிடும் இந்த வேலையைத் தலைமைப் பயிற்சியாளரான அவரே எடுத்துக்கொண்டார். அதைவிட முக்கியமாக, முதல் பதினொருவரில் ஆடும் நட்சத்திரங்களையே உதையைத் தடுக்கவும் அனுப்பினார். மாற்று வீரர்களுக்கு ஒதுக்கிவைத்த வேலையாக அது இருக்கவில்லை; அந்தக் குழுவில் இடம் கிடைப்பது பெருமையாயிற்று.

பலன் என்ன? பருவ முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் சிறப்பு ஆட்டங்களுக்கு பௌல் என்று பெயர். 1995 டிசம்பர் 31 அன்று அவற்றில் ஒன்றான சுகர் பௌல் ஆட்டத்தில் டெக்ஸஸ் 10-0 என்று முன்னிலையில் இருந்தது. பிரையன் ஸ்டில் ஒரு பன்ட்டைப் பிடித்து 60 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். ஆட்டம் புரண்டு 28-10 என்று வர்ஜீனியா டெக் வென்றது. 1993 தொடங்கி அவர் ஓய்வு பெற்ற 2015 வரை 23 பருவங்கள், ஒன்றுவிடாமல் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி. இந்த முறைக்கு அவர் பெயராலேயே 'பீமர்பால்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் 2000 ஜனவரி 4 அன்று தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் அவரையே இந்த ஆயுதம் திருப்பித் தாக்கியது. ஃபுளோரிடா ஸ்டேட் அவர்களுடைய ஒரு பன்ட்டைத் தடுத்து டச் டவுனாக்கியது. இன்னொரு பன்ட்டைப் பிடித்து பீட்டர் வாரிக் 59 யார்டு ஓடினார். வர்ஜீனியா டெக்கின் தாக்குதலை நடத்திய மைக்கேல் விக் என்ற இளம் குவார்ட்டர்பேக் எவ்வளவோ போராடி, கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது அணியை முன்னிலைக்கே கொண்டுவந்துவிட்டார். முடிவு 29-46. பதினேழு புள்ளி வித்தியாசத்தில் பதினான்கு அந்த இரண்டு பன்ட்டுகளில் போயின. இந்தத் துறையில் நாட்டிலேயே பேர்போன அணிக்கே இந்தக் கதி என்றால், இதை ஏனோதானோவென்று நடத்தும் அணியின் நிலையை நீங்களே யோசியுங்கள்.

இப்போது உங்கள் பயிற்சியாளர். அவருடைய பேச்சை நான் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. பருவத்துக்கு முன்பு இப்படிச் சொல்லாத பயிற்சியாளர் அரிது. அவர் எதைச் செலவழிக்கிறார் என்று பாருங்கள். பருவக் காலத்தில் கல்லூரி வீரர்களைப் பயிற்சிக்கு வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. அந்த இருபதில் இதற்கு எவ்வளவு? பயிற்சியின் கடைசியில், எல்லோரும் களைத்துப்போன நேரத்தில் பத்து நிமிடமா, உடலும் மனமும் தெளிவாக இருக்கும் முதல் வேளையிலா? ஃபீல்டு கோல் உதையில் பந்து பின்னால் எறியப்பட்டு, நிறுத்தப்பட்டு, உதைக்கப்பட ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேல்தான் ஆகும். எறிபவர், பிடித்து நிறுத்துபவர், உதைப்பவர் மூவரும் நூற்றுக்கணக்கான முறை சேர்ந்து செய்யாமல் அந்த நேரக்கணக்கு கைகூடாது.

நல்ல வீரர்களை இந்தக் குழுக்களில் இறக்கப் பயிற்சியாளர்கள் தயங்குவதற்குக் காயம் என்ற நேர்மையான காரணம் உண்டு. 2010 அக்டோபரில் ரட்கர்ஸ் அணியின் எரிக் லெக்ராண்ட் ஒரு கிக்ஆஃபில் எதிர்வீரரை வீழ்த்தப் பாய்ந்தபோது கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்தார். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகம், உங்களுக்கு நினைவிருக்கலாம். முழு வேகத்தில் இரு பக்கமிருந்தும் ஓடிவந்து மோதும் ஆட்டம் இது. கிக்ஆஃப் விதிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் மாற்றப்பட்டதற்கு இத்தகைய ஆபத்துகளே காரணம். அதனால் நான் இதைப் புள்ளிக் கணக்காக மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனியாமல் எப்படி மோதுவது, எந்தக் கோணத்தில் ஓடுவது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுக்காமல் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை அந்த மோதலுக்கு அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியாது. இந்தக் குழுக்களில் ஓடுபவர்களில் பலர் பெயர் தெரியாத முதலாண்டு மாணவர்கள். "உதைத்துவிட்டுப் போகிற பிள்ளைகள்" என்று நீங்கள் சொன்னது அவர்களைத்தான்.

மகனை அடுத்த ஆட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். எதிரணி நான்காவது டவுனில் பன்ட்டுக்கு நிற்கும்போது அவன் அணியிலிருந்து உள்ளே வரும் பதினொரு பேரின் எண்களைக் குறித்துக்கொள்ளட்டும். அவர்களில் மூன்று நான்கு பேராவது முதல் வரிசைத் தடுப்பாளர்களா, அந்த வேளையில் தலைமைப் பயிற்சியாளர் களத்தைப் பார்த்து நிற்கிறாரா, தாக்குதல் பயிற்சியாளரோடு அடுத்த திட்டத்தைப் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று கவனிக்கட்டும். நான்கைந்து ஆட்டங்கள் பார்த்துவிட்டு அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள். முதல் வரிசை வீரர் ஒருவரும் வரவில்லை என்றால், சாக்கு என்று நீங்கள் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.