தோளில் ஆடு சுமப்பவர்கள்

ஐயா, வணக்கம்.

ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் கன்றுக்குட்டியைத் தோளில் சுமந்து நிற்கும் சிலையின் படத்தைப் பார்த்தேன். நல்ல மேய்ப்பனாக இயேசுவை வரைந்த படங்கள் அப்படியே நினைவுக்கு வந்தன. அப்படியென்றால் அந்த உருவம் கிரேக்கர்களிடம் திருடியதுதானே? பழைய சிலைகளை உடைத்தவர்களே அவற்றின் வடிவத்தையும் எடுத்துக்கொண்டது எனக்கு உறுத்துகிறது.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்தது மாஸ்கோஃபோரஸ், அதாவது ‘கன்று சுமப்பவன்’ என்ற சிலை. கி.மு. 570 வாக்கில் செதுக்கியது. அவன் கடவுள் இல்லை, ஏதென்ஸின் காவல் தேவி அதீனாவுக்குக் காணிக்கை கொண்டுவரும் மனிதன். கன்றின் கால்களை மார்புக்கு நேரே இறுகப் பிடித்திருக்கிறான். அவன் கைகளும் கன்றின் கால்களும் சேர்ந்து பெருக்கல் குறிபோலக் குறுக்கே விழுகின்றன. அந்தக் கன்று பலிபீடத்துக்குப் போகிறது. லூக்கா நற்செய்தியில் மேய்ப்பன் தோளில் போட்டுக்கொள்ளும் ஆடோ தொலைந்துபோய்க் கிடைத்தது. அது வீட்டுக்குத் திரும்புகிறது. பிடி ஒன்றுதான், போகிற திசை நேர் எதிர்.

ஆட்டுக்கடா சுமக்கும் கிரேக்கக் கடவுள் ஹெர்மிஸும் உண்டு. தனாக்ரா ஊரைக் கொள்ளைநோயிலிருந்து காக்க அவர் கடாவைத் தோளில் சுமந்து மதிலைச் சுற்றிவந்ததாகப் பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ஹெர்மிஸிலிருந்து நேரே இயேசுவுக்குத் தாவிவிட முடியாது. நடுவே ரோமானியக் கல் சவப்பெட்டிகள் இருக்கின்றன. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஆடு சுமக்கும் மேய்ப்பன் அமைதியான வாழ்வுக்கு அடையாளம். எந்த மதத்துக்காரரும் அவனைத் தம் பெட்டியில் செதுக்கச் சொன்னார்கள். அவன் தனியாக நின்றால் உள்ளே கிடந்தவர் கிறிஸ்தவரா இல்லையா என்று சொல்லவே முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

ரோமில் சாந்தா மரியா ஆந்திகுவா தேவாலயத்தில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது, ஏறத்தாழ கி.பி. 270-ஐச் சேர்ந்தது. அதில் மேய்ப்பனும் உண்டு, ஞானஸ்நானமும் உண்டு. எனக்கு அதில் மிகப் பிடித்தது யோனா, கடல்விலங்கு விழுங்கிய வேதாகமத் தீர்க்கதரிசி. கடல்விலங்கு கரையில் கக்கியபின் சுரைக்கொடியின் கீழ் உடையில்லாமல், ஒரு கையைத் தலைக்கு மேல் மடித்துப்போட்டுச் சாய்ந்து கிடக்கிறார். வேதாகமத்தின் யோனா கோபக்காரர், கடவுளோடு வாதாடுபவர். இங்கே படுத்திருப்பவரோ அழகான வாலிபன். அந்த உடம்பு எண்டிமியனுடையது. நிலாத் தேவதை செலீனி காதலித்த, என்றென்றும் உறங்கும் அந்த இளைஞனை ரோமானியர்கள் சவப்பெட்டிகளில் விரும்பிச் செதுக்கினார்கள். சாவும் ஓர் உறக்கம்தான் என்ற ஆறுதல் அதில் இருந்தது. யோனாவை விழுங்கும் விலங்கும் இந்தக் காலச் சிற்பங்களில் மீனாக இருப்பதில்லை. கிரேக்கப் புராணத்தில் இளவரசி ஆந்த்ரோமெடாவைத் தின்ன வந்த, சுருண்ட வாலுள்ள கிரேக்கக் கடற்பூதம் அது.

இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிற்பிகளுக்குத் தெரிந்த உடல்மொழி அது ஒன்றுதான். காசு கொடுத்துப் பெட்டி செய்யச் சொன்ன கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் அதுதான் தெரியும். உறங்குபவன் எழுவான் என்ற புதிய நம்பிக்கையைச் சொல்ல, அவர்கள் காலத்தில் மிக அழகாக உறங்கியவனின் உடம்பை எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம், காலத்தைக் கவனியுங்கள். அந்தப் பெட்டியைச் செய்தபோது கிறிஸ்தவர்களிடம் அதிகாரம் இல்லை, கோயிலை இடிக்கும் பலமும் இல்லை. சிலை உடைப்பு பெருகியது நான்காம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து. செதுக்கச் சொன்னவர்களும் உடைத்தவர்களும் வேறுவேறு தலைமுறை. கி.பி. 359-இல் இறந்த ரோம் நகர ஆளுநர் யூனியஸ் பாஸஸின் பெட்டியில்கூட, தாடியில்லாத இளம் இயேசுவின் காலடியில் பழைய ஆகாயத் தெய்வம் முழுதாகத்தான் இருக்கிறது. தலைக்கு மேல் துணியை வில்லாக விரித்துப் பிடித்திருக்கிறது.

உடைப்பைப் பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானது. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நெற்றியில் சிலுவை கீறிய ஒரு தலை இருக்கிறது, காதல் தேவி அஃப்ரடைட்டியுடையது. எத்தனை விளக்கம் சொன்னாலும் எனக்கு அது வலிக்கிறது. அக்ரோபோலிஸில் அதீனாவின் கோயிலான பார்த்தினானைத் தேவாலயமாக்கியபோது வடக்குப் பக்கப் புடைப்புச் சிற்பங்கள் பலவற்றைக் கொத்திச் சிதைத்தார்கள். மேற்கு ஓரத்தில் ஒன்றைமட்டும் விட்டுவிட்டார்கள். அமர்ந்திருக்கும் ஒரு தேவியின் முன் இன்னொருத்தி வந்து நிற்கும் காட்சி அது. மரியாளிடம் தேவதூதர் வந்து சொன்ன செய்தியாக அதைப் பார்த்திருப்பார்கள் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து.